அந்த நம்பர் என் விளக்கைப் பார்த்ததில்லை

"உம்மா, காது கேக்காதவங்கள அல்லாஹ் எப்படித் தொழுவக் கூப்பிடுவான்?"

யுஸ்ரா இதைக் கேட்டபோது அவளுக்குப் பால்பற்கள் விழத் தொடங்கியிருந்தன. பக்கத்து வீட்டு மைமூன் மாமியை நினைத்துத்தான் கேட்டாள். மைமூனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. நோன்பு மாதத்தில் அவர் மணிக்கட்டில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டு படுப்பார். கயிற்றின் மறுமுனை பின்கதவு வழியாக வெளியேறி, வீடுகளுக்கு நடுவே பெண்கள் போய்வரும் முடுக்கைத் தாண்டி, யுஸ்ராவின் வீட்டு அடுக்களை ஜன்னல் கம்பியில் தொங்கும். விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் எழுகிறவர்கள் அதைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுப்பார்கள். என்றாவது எல்லோரும் அயர்ந்துவிட்டால் மைமூன் வெறும் வயிற்றோடு அன்றைய நோன்பைப் பிடிப்பார். ஒரு வார்த்தை குறைபட மாட்டார். குறைபடாதவர்களுக்குத்தான் நாம் அதிகம் கடமைப்பட்டிருக்கிறோம். அதைத்தான் எளிதில் மறந்தும் போகிறோம்.

அந்தக் கேள்வி யுஸ்ராவின் தாய் ஷஃபீகாவின் மனதில் தங்கிவிட்டது. அவள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு தெருவிலுள்ள மிக்சிகளுக்கும் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் மட்டுமே பயன்பட்டு வந்தது. மகளின் கேள்விக்குப் பிறகு அவள் பழைய சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த நோன்பு வருவதற்குள் ஒரு விளக்கு தயாரானது. பள்ளிவாசல் நாட்காட்டியிலுள்ள நேரங்களெல்லாம் அதற்குள் இருந்தன. தொழுகை வக்து வந்ததும் அது மெல்ல மெல்லப் பிரகாசமாகும். தலையணைக்கு அடியில் வைக்கும் ஒரு வில்லை செல்போன் போல அதிரும். முதல் நாள் அது அதிர்ந்தபோது மைமூன் எழுந்து வந்து பின்கதவைத் தட்டி, தூங்கிக்கொண்டிருந்த ஷஃபீகா வீட்டாரை எழுப்பிவிட்டார்.

அந்த விளக்குக்கு ஊர் தானாகவே 'யுஸ்ரா விளக்கு' என்று பெயர் வைத்தது. காயல்பட்டினத்திலிருந்து அது மற்ற ஊர்களுக்கும் போனது. காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் தேடி வந்தார்கள். புன்னைக்காயலிலிருந்து ஜேசுபாதம் என்ற மீனவர் வந்து, விடியுமுன் கடலுக்குப் போகும்போது கைக்குழந்தை விழிக்காமல் தான் மட்டும் எழுந்திரிக்க ஒன்று வேண்டும் என்றார். அவர் சொல்லி அவர் ஊரில் இன்னும் பலர் வாங்கினார்கள். முடுக்கின் இரு பக்கமும் வேலை பரவியது. ஷஃபீகா வீட்டில் பற்றவைப்பு, எதிர்வீட்டில் மூடி பொருத்துவது, மைமூன் வீட்டில் ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டுப் பார்ப்பது என்று பின்கதவுக்குப் பின்கதவு தட்டுகள் போய்வந்தன. கணவன்மார் வளைகுடாவில் இருக்க, மாதம் முழுவதும் போனையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் கைகளுக்கு வேலை வந்தது.

தூத்துக்குடியில் மின்சாமான் மொத்தக் கடை வைத்திருந்த ஹாமிது மாமா விளக்குகளைத் தன் கடையில் வைத்து விற்றார். அவர் ஷஃபீகாவின் கணவன் அஸ்லமுக்குத் தாய்மாமன். ஒரு நாள் அவர் நேரிலேயே வந்தார். பெரிய கடைக்காரர்கள் யாரும் இனி பதிவு எண் இல்லாத விளக்கை வாங்க மாட்டார்கள் என்றார். இப்படிப்பட்ட சாமான்களை அரசு அங்கீகரித்த சோதனைக்கூடத்தில் சோதித்து, தேறினால் தரப்பதிவு எண் வாங்கி, அதைச் சாமானிலேயே அச்சிட வேண்டும். இல்லாமல் விற்பது குற்றம். ஷஃபீகா இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தாள். வீட்டில் செய்கிற சாமானுக்கு அது வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தாள்.

அதற்கும் மாமா வழி வைத்திருந்தார். வடக்கே ஒரு கம்பெனிக்காரன் இதே மாதிரி விளக்குக்கு எண் வாங்கியிருந்தானாம். இப்போது கம்பெனியைப் பூட்டிவிட்டானாம்.

"நம்பர் சும்மாதான் கெடக்கு. ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிட்டா யாரு வந்து கேக்கப் போறா?"

"அந்த நம்பர் என் விளக்கப் பாத்ததே இல்லியே மாமா."

ஹாமிது சிரித்துவிட்டார். "ஏளா, நம்பர் என்ன பொண்ணு பாக்கவா வருது?"

"நாம பெத்த பிள்ளைக்கு, பள்ளிக்கூடத்துல சேக்க லேசா இருக்கும்னு, அடுத்த தெருக்காரர் பேரையா வாப்பான்னு எழுதுவாக?"

அடுக்களையில் ஷஃபீகாவின் உம்மா நூர்ஜஹான் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். மாமாவின் முகம் சிவந்தது. ஊரே செய்கிறது என்றார். அவருடைய கடையிலேயே அப்படி எத்தனையோ சாமான் இருக்கிறது என்றார். அஸ்லமிடம் பேசிக்கொள்கிறேன் என்று எழுந்து போனார். அவர் கடையில் மிச்சமிருந்த விளக்குகளெல்லாம் அன்று மாலையே ஒரு ஆட்டோவில் திரும்பி வந்தன.

ஷஃபீகா முடுக்குப் பெண்களைக் கூப்பிட்டு, எண் வரும்வரை ஒரு விளக்கும் விற்கப்போவதில்லை என்றாள். அடுத்த நோன்பு வர இன்னும் பல மாதங்கள் இருந்தன. விளக்கு விற்கிற காலம் அதுதான். அதற்குள் எண் கிடைக்காவிட்டால் பெண்கள் கலைந்து போய்விடுவார்கள், மறுபடி கூட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும்.

"வரலேன்னா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

"வர வைப்போம்" என்றாள் ஷஃபீகா.

சவூதியில், தம்மாமில் இருந்த அஸ்லம், விண்ணப்பத்தைத் தன் பெயரில் போடச் சொன்னான். அதில் அவன் தவறு ஒன்றும் இல்லை. அந்த ஊரில் வியாபாரம் என்றால் ஆண் பெயரில்தான். அதுபோலவே வீடு என்றால் பெண் பெயரில்தான். மகளுக்குக் கல்யாணத்தின்போது பெற்றவர்கள் வீட்டைக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பகலெல்லாம் தன் உம்மா வீட்டில் இருந்துவிட்டு இரவில் மனைவி வீட்டுக்கு வருவார். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் உம்மா வீட்டு முகவரியிலேயே இருக்கும். இதில் விசித்திரம் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. ஆகவே விண்ணப்பத்தில் உரிமையாளர் அஸ்லம் ஒரு தெருவில் இருந்தான். தொழிற்சாலை வேறொரு தெருவில் இருந்தது.

சில வாரங்களில் பதிவு அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அஸ்லம் எந்த வீட்டில இருக்கார்மா?"

"பகல்ல அவங்க உம்மா வீட்டுல சார். ராத்திரி எங்க வீட்டுல."

"இப்ப எங்க இருக்கார்?"

"தம்மாம்ல."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "தொழிற்சாலை யார் வீட்டில இருக்கு?"

"என் வீட்டுல. கரண்ட் பில்லும் என் பேர்லதான் இருக்கு."

"அப்ப இதுல நீங்க யாரும்மா?"

ஷஃபீகா விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தாள். எந்தப் பக்கத்திலும் அவள் பெயர் இல்லை. விளக்கைச் செய்தவள் அதில் எங்கேயும் இல்லை. விண்ணப்பம் திரும்பிவிட்டது.

ஹாமிது மாமாவிடமிருந்து நூர்ஜஹான் வழியாக யோசனை வந்தது. வீட்டை அஸ்லம் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டால் எல்லாம் ஒரே ஆளாகிவிடும். நூர்ஜஹான் இதைச் சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உம்மா, எனக்கு வீடு எழுதித் தந்தது நான் அதுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கவா?" என்று கேட்டாள் ஷஃபீகா. "வீடு என்னுது. விளக்கு என்னுது. என் பேரப் போட்டா என்ன, ஊரு கடலுக்குள்ளயா போயிரும்?"

தன் பெயரிலேயே புதிதாக விண்ணப்பித்தாள். தொழிற்சாலையின் வாசலில் பெயர்ப்பலகை இருக்க வேண்டும், அதன் படமும் வேண்டும் என்றார்கள். அதுவரை விளக்கு வேலையெல்லாம் முடுக்குப் பக்கம் நடந்தது. முன்வாசல் தெருவுக்கு உரியது, அதில் ஒரு பெண்ணின் பெயர் தொங்கி யாரும் பார்த்ததில்லை. அஸ்லமிடம் இதைச் சொல்ல அவள் தயங்கினாள். ஒரு நாள் காலையில் சொல்லிவிட்டாள். சாயங்காலம் குரல் செய்தி வந்தது. எழுத்து சின்னதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, பெரிதாகவே எழுதச் சொல் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

'ஷஃபீகா எலெக்ட்ரானிக்ஸ்' என்ற பலகை முன்வாசலில் ஏறியது. தெருவில் போன ஒரு பெரியவர் நின்று, நல்ல குடும்பத்து வீட்டைக் கடையாக்கிவிட்டீர்களா என்று கேட்டார். ஷஃபீகா வாய் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னால் இருந்து நூர்ஜஹானின் குரல் கேட்டது.

"கடை இல்ல காக்கா. கம்பெனி."

சென்னையிலிருந்த சோதனைக்கூடத்துக்கு நூர்ஜஹானும் ஷஃபீகாவுமாக ரயிலேறிப் போய் மாதிரி விளக்குகளைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். விளக்கு தேறவில்லை. சார்ஜர் பழுதானால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே பழுதாக்கி மூடிவைத்தபோது விளக்கின் அடிப்பாகம் இளகிவிட்டதாம். ஷஃபீகாவுக்கு ஆத்திரமாக வந்தது. யார் இப்படி மூடிவைக்கப் போகிறார்கள் என்று வீட்டிலேயே அதேபோலச் செய்து, ஒரு தலையணையையும் மேலே போட்டுப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து எடுத்தபோது கையில் பிடிக்க முடியவில்லை. தலையணை உறையில் ஒரு பழுப்பு வட்டம் இருந்தது.

மைமூன் மாமி விளக்கைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறவர். கருகும் வாடை வந்தாலும் தூக்கத்தில் தெரியாது. யாராவது கத்தினாலும் கேட்காது. ஷஃபீகா அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தனக்குத் தடையாக நிற்பதாக நினைத்த சட்டம், முன்பின் தெரியாத யாரோ மைமூன் மாமிக்காகக் கவலைப்பட்டு எழுதியது என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. ஆண்டவன் சில சமயம் தன் கருணையை அலுவலக மொழியிலும் எழுதி அனுப்புகிறான்.

விற்ற விளக்குகளையெல்லாம் அவள் திரும்பக் கேட்டாள். புன்னைக்காயலுக்கு அவளே போனாள். விளக்கு கெட்டுப்போகாமலேயே அதைத் திருப்பி வாங்க வருகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று ஜேசுபாதம் கேலி செய்தார். ஆனாலும் வீடு வீடாக அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்தார். ஏற்கனவே பதிவு எண் உள்ள நல்ல சார்ஜர், சூட்டில் இளகாத அடிப்பாகம், சூடேறினால் தானே துண்டித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பாகம் என்று விளக்கைப் புதிதாகச் செய்தாள். இந்த முறை தலையணைக்கு அடியில் அது வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது.

மறுபடி சென்னைக்குப் போனபோது சோதனைக்கூடத்தில் கூட்டம் நெரிந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கணினியைப் பார்த்துவிட்டு, நோன்பு தொடங்கிய பிறகுதான் இடம் கிடைக்கும் என்றார். சோதனை முடிந்து, அறிக்கை வந்து, எண் வருவதற்குள் பெருநாளே வந்துவிடும். ஷஃபீகா கெஞ்சவில்லை. இடம் கிடைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கப் போவதாகச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தாள். நூர்ஜஹான் பையிலிருந்து தஸ்பீஹ் மணிமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினாள். வெள்ளைச் சட்டைக்காரர் இரண்டு முறை வந்து, உட்கார்ந்திருப்பதால் பயனில்லை என்றார். தாயும் மகளும் தலையாட்டினார்கள். எழுந்திருக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் மடியில் அட்டைப்பெட்டியோடு இருந்தார். அவர்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், திரும்பினார்.

"பேச்சு நம்ம பக்கமா இருக்கே. எந்த ஊரு தங்கச்சி?"

அவர் பெயர் சிவப்பிரகாஷ். உடன்குடிக்காரர். குடும்பத்தில் எல்லோரும் கருப்பட்டி வியாபாரம். இவர் மட்டும் கரண்ட் போனால் எரிகிற எமர்ஜென்சி லைட் செய்கிறார். அவர் முறை அன்றைக்கே வரவிருந்தது. என்ன விளக்கு என்று கேட்டார். ஷஃபீகா சொன்னாள். மைமூன் மாமியைப் பற்றியும் தலையணை உறையிலிருந்த வட்டத்தைப் பற்றியும் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெள்ளைச் சட்டைக்காரரிடம் போய் ஏதோ பேசினார். அவர் கையை விரித்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் கணினியில் ஏதோ மாற்றினார்.

"என் எடத்துல உங்க விளக்க வைக்கச் சொல்லிட்டேன்" என்றார் சிவப்பிரகாஷ். "என்னுது பொறவு வச்சிக்கிடலாம்."

"உங்களுக்கு நட்டம் வருமே அண்ணாச்சி."

"எனக்கு என்ன அவசரம்? என் லைட்டு கரண்டு போனாத்தான் வேணும். நம்ம ஊருல அது போகாமலா இருக்கப் போவுது? எப்ப வித்தாலும் விக்கும்."

சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நூர்ஜஹான் தஸ்பீஹை நிறுத்தி, அவர் போன வாசலைப் பார்த்து உதடு அசைய துஆ செய்தாள்.

விளக்கு தேறியது. நோன்புக்கு முந்தைய மாதத்தில் எண் வந்தது. முடுக்கில் அன்று எல்லாப் பின்கதவுகளும் திறந்து கிடந்தன. அச்சடித்து வந்த எண்ணை முதல் விளக்கில் மைமூன் மாமிதான் ஒட்டினார். ஒட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று சைகையால் கேட்டார். கோணலாகத்தான் இருந்தது. நேராக இருப்பதாக எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஹாமிது மாமா போனில் வாழ்த்தினார். விளக்கு அவர் கடைக்குத் திரும்பவும் போனது. நோன்பு மாதத்தில் அது விற்ற வேகத்துக்குப் பெண்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. வடக்கத்திக் கம்பெனியைப் பற்றி மாமாவும் பேசவில்லை, ஷஃபீகாவும் கேட்கவில்லை.

நோன்பின் கடைசிப் பத்து நாட்களில், லுஹர் தொழுகை முடிந்து தெரு அடங்கிக் கிடந்த ஒரு மத்தியானம். நூர்ஜஹான் மைமூன் வீட்டில் இருந்தாள். யுஸ்ரா பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஷஃபீகா தனியாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார். குரலில் உற்சாகம். துறைமுகத்துக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு எமர்ஜென்சி லைட் வேண்டுமாம். ஒரு தடவை கொடுத்தால் வருஷம் முழுவதும் கேட்பார்களாம். அவள் விளக்கிலேயே கொஞ்சம் மாற்றினால் அது எமர்ஜென்சி லைட்தானே என்றார். அது உண்மைதான். அதே ரகத்தில் இன்னொரு மாடலை முறைப்படி சேர்க்க வழியும் இருந்தது.

பெருநாளுக்குப் பிறகு முடுக்குப் பெண்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம். கேட்டது தானாகக் கைக்கு வந்தது போலிருந்தது.

"மொதல்ல யாருகிட்ட கேட்டிருந்திய மாமா?"

"உடன்குடில ஒருத்தன். சிவப்பிரகாஷ்னு பேரு. எல்லாம் பேசி முடிச்சிருந்தோம். சோதனைல அவன் மொறைய யாருக்கோ விட்டுக் குடுத்துட்டானாம். இன்னும் நம்பர் வரல. பெருநா கழிஞ்சுதான் வரும்ங்கான். விட்டுக் குடுத்தவனுக்காக நாம ஏன் காத்துக் கெடக்கணும்?"

ஷஃபீகா பற்றவைப்புக் கோலைத் தாங்கியில் வைத்தாள். அவசரமில்லை என்று அவர் சிரித்தது நினைவுக்கு வந்தது. அவருக்கு அவசரம் இருந்திருக்கிறது. அதை மறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்.

அந்த இடம் யாருக்குப் போனது என்று மாமாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் மாமா ஊரெல்லாம் சொல்வார். அது சிவப்பிரகாஷின் காதுக்கும் போகும். தான் கொடுத்ததற்குப் பதில் வந்துவிட்டதாக அவர் நினைப்பார். மறைத்துக் கொடுத்தவருக்கு அப்படித் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. எதிர்வீட்டுப் பெண்ணின் முகம் மனதில் வந்து நின்றது. அவளுக்கு வேறு வேலை தேடித் தர வேண்டும். தேடித் தரலாம்.

"நான் செய்ய மாட்டேன் மாமா."

"ஏன்?"

"அவருக்கு நம்பர் வந்துரும். நீங்க அவருகிட்டயே வாங்குங்க."

"உனக்கு என்ன பிடிவாதம்ளா? வர்றத வேண்டாம்னு சொல்லுத."

"அவருக்காகக் காத்திருங்க. இல்லேன்னா யுஸ்ரா விளக்கும் இனி உங்க கடைக்கு இல்ல."

மாமா, கையில் நாலு காசு வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்றார். போர்டு மாட்டின அன்றைக்கே நினைத்தேன் என்றார். ஷஃபீகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தலைக்கனக்காரி என்ற அந்தப் பெயரைச் சுமப்பது கஷ்டமாக இல்லை. கடைசியில் அவர், சரி, காத்திருந்து தொலைக்கிறேன் என்று போனை வைத்தார்.

பெருநாள் கழிந்து, யுஸ்ரா விளக்கின் பெட்டியிலிருந்த போன் நம்பரைப் பார்த்து சிவப்பிரகாஷ் கூப்பிட்டார். தனக்கும் எண் வந்துவிட்டதென்றார். கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்த ஒரு பெரிய ஆர்டர் போகாமல் நின்றதென்றார்.

"தூத்துக்குடி ஹாமிது பாய் எனக்காகக் காத்திருந்தாரு தங்கச்சி. இந்தக் காலத்துல யாரு அப்படி இருக்காக? நல்ல மனுஷன்."

"ஆமா அண்ணாச்சி" என்றாள் ஷஃபீகா. "ரொம்ப நல்ல மனுஷர்."